சம்பந்தி வீட்டுக் கேன்

அஸ்தினாபுரம்,
12.12.1993

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. தசரதன் அவர்களுக்கு ராஜகோபால் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தையல்நாயகியும் நலமாக இருக்கிறோம். நலம் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டியிருப்பதால் அதைக் கீழே எழுதுகிறேன். தங்கள் நலமும், சம்பந்தியம்மாள் கிளியம்மாள் நலமும், மாப்பிள்ளை நலமும், எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் மகளும் தங்கள் மருமகளுமான ஜெயக்கொடியின் நலமும் அறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் படித்தேன், தையல்நாயகி படித்தாள், மறுபடி நான் படித்தேன். வளைகாப்பைத் தை மாதம் மறைமலை நகரில் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது முடிந்ததும் பெண்ணை எங்களோடு அனுப்புவதற்கில்லை, அஸ்தினாபுரத்துத் தண்ணீரால் மஞ்சள் காமாலை பரவுவதாகக் கேள்விப்பட்டோம், பிரசவம் இங்கேயே நடக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடப்பதுதான் தங்கள் வீட்டிலும் வழக்கம், எங்கள் வீட்டிலும் வழக்கம். என் பெண் வந்து பிள்ளை பெறுவதற்கு லாயக்கில்லாத தண்ணீர் என் வீட்டுத் தண்ணீர் என்று நாலு பேர் பேசினால் நான் எப்படித் தலைகாட்டுவது? ஆகவே எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று அத்தாட்சியோடு தெரிவிக்கவே இந்தக் கடிதம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சில இடங்களில் எனக்கே குழப்பமாக இருக்கிறது. தாங்கள் நிதானமாகப் படித்தால் தெளிந்துவிடும் என்று நம்புகிறேன்.

முதலில் கேன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஐப்பசியில் வளைகாப்புக்கு நாள் குறிக்கத் தாங்களும் சம்பந்தியம்மாளும் வந்தபோது, பழம் வெற்றிலையோடு நீல மூடி போட்ட வெள்ளைக் கேன் ஒன்றில் தண்ணீரும் கொண்டுவந்தீர்கள். தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஒத்துக்கொள்வதில்லை என்று சம்பந்தியம்மாள் சொன்னார்கள். சரி, சிலருக்கு ஒத்துக்கொள்ளாதுதான். ஆனால் தையல்நாயகி காப்பி போட எழுந்தபோது, இந்தத் தண்ணீரிலேயே போட்டுவிடுங்கள் என்று கேனை நீட்டினார்களே, அது எனக்கு இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிய அவசரத்தில் பாதித் தண்ணீரோடு கேனை எங்கள் சமையலறையிலேயே விட்டுப் போய்விட்டீர்கள். அதிலிருந்து நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். சில நாள் கழித்துப் பார்த்தால் கேன் காலி. தையல்நாயகி எதற்காவது எடுத்திருப்பாள், நான் கேட்கவில்லை. இப்போது அதை நானே எங்கள் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, பக்கத்து வீட்டுச் சவுரிமுத்து கையில் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். அவர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார், தினமும் குரோம்பேட்டையில் ரயிலேறி வருகிறவர், நம்பிக்கையான மனிதர். கேன் வந்து சேர்ந்ததற்கு ஒரு வரி எழுதவும்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் தெருக் கிணறுகள் எல்லாம் உப்பு, பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது என்பது தாங்கள் அறிந்ததுதான். பல வருஷம் மனுக் கொடுத்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ஒரு வழியாகக் குழாய் வந்தது. தேங்காய் உடைத்து, குழாய்க்கு மாலை போட்டு, நான் நாலு வார்த்தை பேசினேன். எல்லோர் வீட்டு வாசலிலும் குழாய் இடுப்பு உயரத்தில் ஜம்மென்று நின்றது. தண்ணீர்தான் வரவில்லை. தெருமுனை வரைக்கும் வருகிறது, அதற்கப்புறம் ஏறி வர அதற்குத் தெம்பில்லை. தெருமுனை வீட்டு ஏகநாதன், இந்த மனைகள் எல்லாம் வயலாக இருந்த காலத்தில் அவற்றை உழுதவர், அவர்தான் முதலில் வழி கண்டுபிடித்தார். குழாயை அறுத்து முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். தண்ணீர் கொட்டியது. நான் போய் விசாரித்தபோது, "தண்ணி கீய போற பொருளு சார். நாமதான் எறங்கிப் போய் வாங்கிக்கணும்" என்றார். அவருக்கு அடுத்த வீட்டுக்காரர் குழாயைத் தரைமட்டத்துக்கு இறக்கினார், உடனே ஏகநாதனுக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. அவர் சும்மா இருப்பாரா, தரையைத் தோண்டிக் குழி வெட்டிக் குழாயை அதற்குள் வைத்தார். அதைப் பார்த்து அடுத்த வீடு இன்னும் ஆழமாக வெட்டியது. இப்படியே போய்க் கடைசியில் எங்கள் தெருவில் குழி இல்லாத வீடே கிடையாது. எவன் குழி ஆழமோ அவன் வீட்டில் தண்ணீர்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, இன்றைய தேதியில் எங்கள் குழிதான் தெருவிலேயே ஆழமானது. சிமெண்ட் பூசி, இறங்கப் படிகூடக் கட்டியிருக்கிறேன். தையல்நாயகி குடத்தோடு உள்ளே இறங்கிக் குனிந்தால் மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள் கொண்டை மட்டும்தான் தெரியும். நான் மேலே நின்று குடத்தை வாங்கி வைப்பேன். இரண்டு பேருக்கும் நல்ல தேகப்பயிற்சி.

குழிக்குப் பக்கத்திலேயே சாக்கடைக் கால்வாய் போகிறது. போகிறது என்று சொல்வதுகூடச் சரியில்லை. குழாய் வந்த கையோடு கால்வாயும் கட்ட ஆரம்பித்தார்கள், எங்கள் தெரு வரைக்கும் கட்டிவிட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் எங்கே போவது என்று காண்ட்ராக்டருக்குத் தெரியவில்லை, கால்வாய்க்கும் தெரியவில்லை. அதனால் மழை பெய்தால் அது பொங்கி எங்கள் குழிகளுக்குள் இறங்கி, குழாய் உள்ளே மூழ்கிக் கிடக்கும். கவலைப்படாதீர்கள், இங்கேதான் ஓர் அதிசயம் இருக்கிறது. குழாயில் தண்ணீர் நிறுத்தும் நேரத்துக்குக் குழிக்குள்ளிருந்து களக் களக் என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் குழியில் தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீர் எல்லாம் தானாகவே காணாமல் போயிருக்கும். வாளியால் இறைக்கிற வேலையே கிடையாது. எங்கே போகிறது என்றுதான் யாருக்கும் புரியவில்லை. சிமெண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று நான் தடவித் தடவிப் பார்த்துவிட்டேன், இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஏகநாதனுக்குக் காமாலை வந்தது. அவர் ஏதோ கல்யாணத்தில் சாப்பிட்டதால் வந்தது என்றார்கள். அடுத்து சவுரிமுத்து மனைவி செல்வமேரிக்கு வந்தது. அந்த அம்மா எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. அப்படியானால் பஸ் ஸ்டாண்டில் குடித்த கரும்புச் சாறுதான் காரணம் என்றார்கள். அந்த அம்மா கரும்புச் சாறே குடிப்பதில்லை என்று தெரிந்ததும், சவுரிமுத்து குடித்திருப்பார், அது மனைவிக்கு வந்துவிட்டது என்றார்கள். அதற்குள் வீட்டுக்கு ஒருவர் என்று படுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எண்ணெய் வாசமே தெருவில் இல்லை, எல்லா வீட்டிலும் மோர் சாதம். கீழாநெல்லி என்ற செடியே அஸ்தினாபுரத்தில் அற்றுப்போய், ஆட்கள் கீழ்க்கட்டளை வரைக்கும் போய்ப் பறித்து வருகிறார்கள்.

நான் ஆழ்ந்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதே மாதத்தில்தான் எங்கள் தெருவுக்குப் புதிதாகச் சோடியம் விளக்கு போட்டார்கள். பழைய டியூப் லைட் போல வெள்ளை இல்லை, நல்ல மஞ்சள் வெளிச்சம். அதன் கீழே நின்றால் சட்டை மஞ்சள், சுவர் மஞ்சள், நாய்கூட மஞ்சள். சாயங்காலமானால் எல்லோரும் அந்தக் கம்பத்தடியில் நின்றுகொண்டு ஒருவர் கண்ணை ஒருவர் இழுத்துப் பார்க்கிறார்கள். மஞ்சளாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? காமாலையில் பாதி இந்த விளக்கால் வந்தது என்று நான் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். செல்வமேரி மட்டும் வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்தபடி, "லைட்ட அமத்தினாலும் என் கண்ணு மஞ்சளாத்தான் கீது சார்" என்றாள். எழுந்து நிற்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தெருவில் கையெழுத்து வாங்கி ஆபீசில் கொடுத்தோம். உடனே தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்துவிட ஆரம்பித்தார்கள். அது இன்னொரு தொந்தரவு. குழாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாடை, காப்பியில் வாடை, சாம்பாரில் வாடை. தெருக்காரர்கள் சாமர்த்தியசாலிகள், வாடை அடிக்கிற தண்ணீரை எல்லாம் முதலில் திறந்து கால்வாயில் விட்டுவிட்டு, வாடை நின்ற பிறகு வருகிற தண்ணீரை மட்டும் குடிக்கப் பிடித்துக்கொண்டோம். இந்த யோசனையைச் சொன்னதும் நான்தான். அப்படியும் காமாலை குறையவில்லை.

கடைசியில் சுகாதார ஆய்வாளர் ராஜாராமன் என்பவர் நேரில் வந்தார். சின்ன வயசு, நல்ல மனிதர். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், கெட்டது என்று முடிவு வந்தால் குழாயையே மாற்றிவிட எழுதுகிறேன் என்றார். தெருவிலேயே ஆழமான குழி எங்களுடையது என்பதால் எங்கள் வீட்டிலிருந்துதான் தண்ணீர் எடுப்பது என்று முடிவானது. இது தாங்கள் வந்துபோன இரண்டொரு நாளில் நடந்தது. குழிக்குள் இறங்க அவருடைய இஸ்திரி போட்ட பேண்ட் இடம் கொடுக்கவில்லை. ஆகவே பாட்டிலைத் தையல்நாயகியிடம் கொடுத்து நிரப்பிவரச் சொல்லிவிட்டு, நான் அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து எங்கள் தெருவின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தையல்நாயகி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலில் தூக்கிப் பார்த்து நானே அசந்துபோனேன். அன்று காலையில் குழாயில் வந்தது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகம். பாட்டிலில் இருந்ததோ பளபளவென்று இருந்தது. தண்ணீருக்கும் அதிகாரியைக் கண்டால் ஒரு பயம் இருக்கும் போலிருக்கிறது. அவர் பாட்டிலில் சீட்டு ஒட்டி, அதில் என் பெயரையும் கதவு எண்ணையும் எழுதி எடுத்துப் போனார்.

முடிவு வந்தது. அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், தாங்களே பார்க்கலாம். 'குடிப்பதற்கு மிகவும் உகந்தது' என்று சீல் குத்திக் கொடுத்திருக்கிறார்கள். என் பெயர் போட்ட தண்ணீர். அந்தக் காகிதத்தைத் தெரு முழுக்க எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஆபீசிலும் பிளீச்சிங் பவுடர் போடுவதை நிறுத்திவிட்டார்கள், வாடையும் நின்றது. ஏகநாதன் மட்டும் தட்டுத்தடுமாறி என்னைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய், குழாயை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டார். ராஜாராமன் பாவம், அவரும் குழம்பிப் போயிருந்தார். "பேப்பர்ல தண்ணி நல்லா இருக்கு சார். நல்லா இருக்கற தண்ணிக்கு நான் எப்படி பைப் மாத்தச் சொல்லி எழுதறது?" என்றார். நியாயமான கேள்வி. ஏகநாதன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் குழப்பம் என்னவென்றால், அதற்கப்புறமும் புதிதாக ஆட்கள் படுத்துக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் நல்லது என்று சர்க்கார் சொல்கிறது, இது தண்ணீரால் வருகிற காமாலை என்று டாக்டர் சொல்கிறார். இரண்டு பேரும் படித்தவர்கள். நான் யாரை நம்புவது? சர்க்கார் சீல் வைத்திருக்கிறது, டாக்டர் வைக்கவில்லை, ஆகவே நான் சர்க்காரை நம்புகிறேன். தையல்நாயகி இன்னமும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பானையில் ஊற்றுகிறாள். சர்டிபிகேட் வாங்கிய தண்ணீரை எதற்குக் கொதிக்கவைக்கிறாய், காஸ் வீண் என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தெருவுக்குத் தைரியம் வரட்டும் என்று நான் மட்டும் தினமும் காலையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி குழிக்குள் இறங்கி, சொம்பில் பிடித்து, அண்ணாந்து குடித்துக் காட்டுகிறேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை, ரசம் தாளிக்கிற வாசம் வந்தால் குமட்டுகிறது, படி ஏறினால் கால் துவள்கிறது, அவ்வளவுதான். இது தங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இருப்பதால் மனக்கவலை என்று தெரிகிறது. நேற்றுச் சாயங்காலம் வாசலில் நின்றபோது தையல்நாயகி என் கண்ணைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தாள். அது கம்பத்து விளக்கு என்று சொல்லிவிட்டேன்.

சம்பந்தி அவர்களே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜெயக்கொடி போனதிலிருந்து இந்த வீடு எனக்கு வீடு மாதிரியே இல்லை. அவள் படுக்கிற அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. தொட்டில் கட்ட உத்தரத்தில் புதுக் கொக்கி போட்டாகிவிட்டது. குரோம்பேட்டையில் லேடி டாக்டரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். பேரப்பிள்ளையின் முதல் அழுகையை நான் இந்த வீட்டில் கேட்க வேண்டும், எனக்கு வேறு ஆசை கிடையாது. சர்க்காரே நல்ல தண்ணீர் என்று எழுதிக் கொடுத்த பிறகு மறுப்பதற்குத் தங்களுக்குக் காரணம் ஏதும் இருக்காது. ஆகவே வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை எங்களுடன் அனுப்பிவைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் ஜெயக்கொடிக்கும், வரப்போகிற சின்ன மனிதருக்கும் எங்கள் குலதெய்வம் செல்லியம்மன் துணையிருக்க என் ஆசிகள்.

இங்ஙனம்,
தங்கள் சம்பந்தி,
கோ. ராஜகோபால்

பி.கு.: சம்பந்தி அண்ணாவுக்குத் தையல்நாயகி எழுதுவது. அவர் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். கீழே இடம் இருக்கிறது, அதில் எழுதுகிறேன்.

ஜெயக்கொடியை அனுப்பாதீர்கள் அண்ணா.

அந்தப் பாட்டிலில் இருந்தது எங்கள் தண்ணி இல்லை. அன்றைக்குக் குழாயில் வந்ததைப் பார்த்தேன், புழு நெளிந்தது. பரிசோதனைக்குத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிற மனுஷருக்கு அதை எப்படிக் கொண்டுபோய் நீட்டுவது? நம்ம வீட்டுப் பேர் எழுதி ஒட்டப்போகிறார்களே என்று கை வரவில்லை. நீங்கள் விட்டுப்போன கேனிலிருந்துதான் ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கார் நல்ல தண்ணி என்று சீல் போட்டது உங்கள் கிணற்றுக்கு.

அதனால் மருந்து போடுவது நிற்கும், குழாய் மாற்றுவது நிற்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இவர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனபோது வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. செல்வமேரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழியில் தேங்குகிறது எங்கே போகிறது என்று இவருக்குப் புரியவில்லையாம். குழாய்க்குள்தான் போகிறது, குனிகிறவள் நான், என் கண்ணால் பார்க்கிறேன். நாளைக்குக் குழாய்த் தண்ணியைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போகப்போகிறேன். தெருப் பெண்கள் கூட வருகிறார்கள். அந்தக் காகிதத்தை மாற்றி எழுதுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்.

இவர் கண் மஞ்சளாக இருக்கிறது. விளக்கு இல்லை, இன்றைக்குக் காலை வெயிலில் வைத்துப் பார்த்தேன். கடிதத்தை எழுதி முடிக்கட்டும் என்று விட்டேன், சாயங்காலம் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். ஜெயக்கொடியிடம் இப்போது சொல்ல வேண்டாம். பிரசவத்துக்கு நான் அங்கே வருகிறேன். வழக்கம் போனால் போகட்டும், அவளும் பிள்ளையும் நன்றாக இருந்தால் போதும்.

கேனை எங்கள் தண்ணியில்தான் அலசினார். கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் யாரும் அதைத் தொடாதீர்கள். இன்னொன்று, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். இவர் மருந்து குடிக்க உங்கள் கிணற்றுத் தண்ணி கொஞ்சம் சவுரிமுத்து கையில் கொடுத்தனுப்புங்கள். வேறு கேனில் கொடுங்கள் அண்ணா, இந்தக் கேன் இவருக்கு அடையாளம் தெரியும்.